கடைமடையிலிருந்து தொடங்குங்கள்: டெல்டாவில் ஈடுபாட்டுப் பௌத்தம் பழக ஒரு வழிகாட்டி

புத்தரின் கதையில் ஒரு வாய்க்கால் தகராறு வருகிறது. ரோகிணி என்று ஓர் ஆறு. ஒரு கரையில் சாக்கியர், எதிர்க்கரையில் கோலியர். குறுக்கே ஒரே அணை, அந்தத் தண்ணீரில்தான் இரண்டு பக்கமும் வெள்ளாமை. ஒரு கோடையில் தண்ணீர் சுருங்கிப்போனது. "இன்னும் ஒரு தண்ணி கட்டினால் எங்கள் பயிர் தேறிவிடும், எங்களுக்கு விடுங்கள்" என்று இரு பக்கத்து வேலையாட்களும் கேட்டார்கள். பேச்சு முற்றி, ஒருவர் குலத்தை மற்றவர் இழித்துப் பேசி, கடைசியில் இரு தரப்பும் ஆயுதத்தோடு கரையில் வந்து நின்றன. புத்தர் நடுவில் வந்து, தண்ணீரின் மதிப்பு எவ்வளவு, மனித உயிரின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டதாகப் பாலி உரைக்கதை சொல்கிறது. அம்பேத்கர் எழுதிய புத்தர் வரலாற்றில் இந்தத் தகராறு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். கோலியர் மேல் போர் கூடாது என்று சாக்கியர் சங்கத்தில் வாதாடித் தோற்றதால்தான் சித்தார்த்தர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது என்கிறார் அவர்.

காவிரியின் கிளையான வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் நின்று இந்தக் கதையைச் சொன்னால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. முறைத்தண்ணீர், ராத்திரியில் மடையை மாற்றிவிடுவது, அப்புறம் சாதியைச் சொல்லித் திட்டுவது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். பௌத்தம் என்றால் கண்ணை மூடி உட்காருவது மட்டும்தானா, ஊர்ப் பிரச்சினையில் அதற்கு வேலை இல்லையா என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவாரூர், நாகை பக்கத்தில் சிறு குழுவாகச் சில வருடங்கள் செய்து பார்த்ததில் கற்றவைதான் இவை.

பெயரும் வரலாறும், சுருக்கமாக

'ஈடுபாட்டுப் பௌத்தம்' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் வியட்நாம் துறவி திக் நாட் ஹான் (1926–2022). போர் நடந்துகொண்டிருந்த 1960களில், மடத்துக்குள் தியானம் செய்வதா, குண்டு விழுந்த ஊருக்குப் போய் உதவுவதா என்ற கேள்வி வந்தபோது இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்றார். இளைஞர்களைச் சமூக சேவைக்குப் பழக்கி, எரிந்த கிராமங்களைத் திரும்பக் கட்ட அனுப்பினார். 1967இல் மார்ட்டின் லூதர் கிங் அவர் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார்.

ஆனால் இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1898இலேயே அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, சாதி இழிவிலிருந்து வெளியேறும் வழியாகப் பௌத்தத்தை முன்வைத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவி 22 உறுதிமொழிகளைக் கொடுத்தார். இலங்கையில் 1958இல் ஏ. டி. ஆரியரத்ன என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சமூகம் ஒதுக்கி வைத்த மக்களின் ஊர் அது. அங்கே தங்கி அவர்களோடு சேர்ந்து உழைத்ததிலிருந்து பிறந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். அவர்கள் முதல் மண்வெட்டியைப் போட்ட இடம் ஊரின் ஒதுக்குப்புறம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதும் அதைத்தான். டெல்டாவில் தண்ணீரும் சாதியும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன. ஒன்றைத் தொட்டு மற்றதை விட்டுவிட்டால் வேலை நிலைக்காது.

முதல் படி: உட்காருங்கள்

தினம் பதினைந்து நிமிடம். திண்ணையோ, மொட்டை மாடியோ, வரப்போ, உங்களுக்கு எது வாய்க்கிறதோ அங்கே. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். மூச்சு உள்ளே போகும்போது போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், வெளியே வரும்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மனசு கடன் பாக்கிக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் ஓடும். ஓடியதைக் கண்டதும் திட்டாமல் திரும்பவும் மூச்சுக்கு வாருங்கள். அவ்வளவுதான் பயிற்சி.

களத்தில் இறங்கப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் மூன்றாம் முறையாக "நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்கும்போது வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு கிடைக்கிறதா இல்லையா என்பதில் இதன் பலன் தெரியும். ஒரு மாதம் தொடர்ந்து உட்கார்ந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: ஐந்து சீலத்தையும் வயலில் வைத்துப் படியுங்கள்

கொல்லாமை, களவாமை, பாலியல் ஒழுக்கம், பொய்யாமை, கள்ளுண்ணாமை. மனப்பாடம் செய்ய இரண்டு நிமிடம் போதும். நாலைந்து நண்பர்கள் கூடி, வாரம் ஒரு சீலம் என்று எடுத்துக்கொண்டு, இது நம் ஊரில் எங்கே உடைகிறது என்று பேசுங்கள்.

கொல்லாமை என்று எடுத்தால் பேச்சு தானாகவே பூச்சிமருந்துக்கு வந்துவிடும். டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. அதை வாங்குகிறவர் ஒருவர், முகத்தில் துணிகூடக் கட்டாமல் கூலிக்கு அடிக்கிறவர் இன்னொருவர். நத்தையும் நண்டும் தவளையும் வயலைவிட்டுப் போனதைப் பற்றிப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். களவாமை என்றால் இரவில் திருப்பிய மடையும் திருட்டு, நடவுக் கூலியில் பிடித்த பத்து ரூபாயும் திருட்டு, ஆற்றிலிருந்து லாரியில் போகிற மணலும் திருட்டு. பாலியல் ஒழுக்கம் என்கிற இடத்தில் வயலுக்கு வேலைக்கு வருகிற பெண்களிடம் எப்படிப் பேசுகிறோம், எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பேசாமல் தாண்டாதீர்கள். அந்த வாரம் பெண்கள் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும். பொய்யாமைக்கு, சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிற செய்திகளைக் கணக்கெடுங்கள். கள்ளுண்ணாமைக்கு உதாரணமே தேவையில்லை. வாய்க்காலைச் சுத்தம் செய்ய இறங்கினால் காலைக் கிழிப்பது உடைந்த மதுப்புட்டிதான்.

மூன்றாம் படி: வாய்க்காலோடு நடங்கள்

எனக்குப் பிடித்த படி இது. ஒரு பாசன வாய்க்காலைத் தேர்ந்தெடுத்து, அது ஆற்றிலிருந்து பிரிகிற தலைமடையிலிருந்து கடைமடை என்கிற கடைசி வயல் வரை முழுக்க நடந்து பாருங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போனால் வாய்க்கால் காய்ந்திருக்கும், அடி வரை பார்க்கலாம். விடியற்காலையில் கிளம்புங்கள். அங்கேயே தண்ணீர் கட்டிப் பழகிய ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். படித்தவர்கள் மட்டும் போனால் பாதிதான் கண்ணில் படும்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். புத்தரின் நான்கு வாய்மைகள்தான் அந்தப் பத்திகளின் தலைப்பு: துன்பம், காரணம், தீர்வு, வழி. உதாரணத்துக்கு முதல் பத்தியில் 'கடைமடையில் குறுவை கருகுகிறது' என்று எழுதுகிறீர்கள். காரணம் என்ற பத்திதான் நீளும், நீள விடுங்கள். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது எளிது. நடந்து பார்த்தால் வேறு பலவும் தெரியும். ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை இறங்கிவிட்டது, வாய்க்கால் தலைப்பு மேலே தொங்குகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஓர் இடத்தில் யாரோ வாய்க்காலைத் தூர்த்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கடலோரமாக வந்தால் உப்பு ஏறிய மண். சில இடங்களில் பக்கத்திலேயே இறால் குட்டை. இறால் பண்ணைகளுக்கு எதிராக நம் ஊர்க் காந்தியவழிச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கதையைக் கடலோர ஊர்களில் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஆசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் நஞ்சு என்று பௌத்தம் சொல்லும். இந்த நஞ்சு தனி மனிதரின் மனசில் மட்டும் இல்லை, சட்டத்திலும் சந்தையிலும் அலுவலகத்திலும்கூடக் குடியிருக்கும் என்பது ஈடுபாட்டுப் பௌத்தத்தின் பார்வை. உங்கள் நோட்டின் இரண்டாம் பத்தியில் இரண்டு வகையும் இருக்க வேண்டும். மற்றவர் தவறு மட்டுமே எழுதியிருந்தால் திரும்ப ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.

"எல்லாம் முன்வினை, நாம் என்ன செய்ய முடியும்" என்று யாராவது சொல்லுவார்கள். அதற்குப் பௌத்தத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. மனிதர் படும் வேதனை எல்லாமே முன் செய்த வினையால்தானா என்று சீவகர் என்ற பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரிகிற துறவி) கேட்டபோது புத்தர் ஆமாம் என்று சொல்லவில்லை. பித்தம், வாதம், பருவ மாற்றம் என்று பல காரணங்களை அடுக்கி, எல்லாவற்றையும் முன்வினை மேல் போடுவது தவறு என்றார். அதே போல, நாட்டில் கொள்ளை பெருகியபோது தண்டனையால் அது நிற்காது, உழவருக்கு விதையும் தீவனமும் கொடு, வணிகருக்கு முதல் கொடு, வேலை செய்கிறவருக்குக் கூலி கொடு என்று ஓர் அரசருக்குப் புரோகிதர் சொன்ன கதையும் பாலி சூத்திரங்களில் இருக்கிறது. விதைநெல்லும் கூலியும் தம்மத்துக்கு, அதாவது புத்தர் காட்டிய அறநெறிக்கு, உட்பட்ட விஷயம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

நான்காம் படி: கூடும் இடத்தை யோசித்து முடிவு செய்யுங்கள்

எங்கள் முதல் கூட்டத்தை ஊர்த்தெருவில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். நல்ல அகலமான திண்ணை, காற்று வரும். காலனித் தெருவிலிருந்து நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்து தெருவில், வேப்பமரத்தடியில் நின்றார்கள். "ஏறி வாங்கண்ணே" என்று கூப்பிட்டோம். "இருக்கட்டும் தம்பி, இங்கேயே காத்து நல்லா வருது" என்றார் ஒருவர். கூட்டம் முடியும் வரை நின்றுகொண்டே இருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் பேசியது ஈரநிலங்களைப் பற்றி. அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

கூப்பிட்டுவிட்டோம், வராதது அவர்கள் விருப்பம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது தவறு. அந்தத் திண்ணையில் அவர்களுடைய தாத்தாவும் அப்பாவும் ஏறியதில்லை. இந்த மண்ணில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில், கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின் நடுவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். அந்த நினைவு இருக்கிற மாவட்டத்தில் 'எல்லோரும் வாருங்கள்' என்று ஓர் அறிவிப்பு போதாது. ஜெகந்நாதனின் துணைவியார் கிருஷ்ணம்மாள் அந்தக் கொடுமைக்குப் பிறகு இங்கேயே வந்து தங்கி, நிலமற்ற பெண்கள் பேருக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். அவர் காந்தியவாதி. ஆனாலும் ஈடுபாட்டுப் பௌத்தம் எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாராவது கேட்டால் நான் அவரைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது: முதல் கூட்டமே காலனித் தெருவில் நடக்கட்டும். அங்கே இருக்கிற சமுதாயக் கூடமோ, பள்ளி வளாகமோ, யாராவது சம்மதித்தால் வீட்டு வாசலோ. நீங்கள் போய்க் கேளுங்கள், தரையில் உட்காருங்கள், கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். என்ன வேலை முதலில் செய்வது என்பதை அங்கே முடிவு செய்யுங்கள். ஊர்த்தெருவிலிருந்து சிலர் வர மாட்டார்கள். எங்களிடமிருந்து மூன்று குடும்பங்கள் விலகின, ஒன்று அடுத்த வருடம் திரும்பி வந்தது. அந்த இழப்புக்குத் தயாராக இருங்கள்.

ஐந்தாம் படி: சேர்ந்து உழையுங்கள், கூலிக் கணக்கை மறக்காமல்

சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகத் தருவது. கேட்க நன்றாக இருக்கும். டெல்டாவில் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாரினால் பலன் யாருக்கு? நிலம் உள்ளவருக்கு. தூர்வாரத் தெரிந்த கை யாருடையது? நிலம் இல்லாதவருடையது. 'எல்லோரும் சேர்ந்து ஊருக்கு உழைப்போம்' என்று அழைத்தால், கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நிலக்காரர் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார். பெயர்தான் தானம், நடப்பது கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய பழைய வெட்டி வேலை.

நாங்கள் கண்டுபிடித்த வழி இரண்டு. ஒன்று, பாசன வாய்க்கால் என்றால் அந்த ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிறவர்கள் ஏக்கர் கணக்குக்கு ஒரு தொகை போட்டு, கூலிக்கு வருகிறவர்களுக்கு அந்த நாள் கூலியை முழுசாகக் கொடுக்க வேண்டும். நிலக்காரர்களும் இளைஞர்களும் கூலியில்லாமல் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம். இரண்டு, முதல் சிரமதானம் நிலமற்றவர்களுக்குத் தேவையான ஒன்றாக இருக்க வேண்டும். அது குடிநீர்க் குளமாக இருக்கலாம். பெரும்பாலும் சுடுகாட்டுப் பாதைதான் வரும். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில், வயல் வரப்பில் நடக்கிற ஊர்கள் இங்கே உண்டு. அந்தப் பாதையில் நான்கு வண்டி மண் அடித்துவிட்டு அப்புறம் வாய்க்காலுக்கு வாருங்கள். வருகிற ஆட்களின் எண்ணிக்கையிலேயே வித்தியாசம் தெரியும்.

இனி வேலை முறை. காலை ஆறுக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுங்கள், மே மாத வெயிலில் அதற்கு மேல் யாரையும் நிற்க வைக்கக் கூடாது. நீர்வளத் துறை வாய்க்கால் என்றால் அந்தப் பிரிவு அலுவலகத்திலும், சிறு வாய்க்கால் என்றால் ஊராட்சியிலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மண்வெட்டி, அரிவாள், பாரை, கூடை, நீளமான கழி. புதரில் கை வைக்கும் முன் கழியால் தட்ட வேண்டும், கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் அங்கேதான் இருக்கும். பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது, வண்டி யாரிடம் இருக்கிறது என்று முந்தின நாளே தெரிந்துவைத்திருங்கள்.

காட்டாமணக்கை வெட்டிப் போட்டால் போதாது, வெட்டிய தண்டு ஈரம் பட்டால் அப்படியே துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கி, கரையைவிட்டுத் தள்ளி, மேட்டில் உலர்த்துங்கள். ஆடு அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு அது விஷம். ஆகாயத்தாமரையையும் கரையோரமாகக் குவித்தால் முதல் மழைக்குத் திரும்ப உள்ளே போய்விடும். தள்ளிக் குவித்து, சாணமும் மண்ணும் போட்டு மக்க விடலாம். எதையும் கொளுத்தாதீர்கள்.

வேலை தொடங்கும் முன் மூன்று நிமிடம் கரையில் எல்லோரும் அமைதியாக நில்லுங்கள். மணி அடிக்க வேண்டும், மந்திரம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இல்லை. கைத்தாளம் வேண்டாம், கொடி வேண்டாம். மண்வெட்டி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வதும் தியானம்தான்.

அப்புறம் சாப்பாடு. இதை அலட்சியமாக விடாதீர்கள். எங்கள் முதல் வேலை நாளில் காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா, புடவைத் தலைப்பில் முடிந்து தன் டம்ளரைக் கொண்டுவந்திருந்தார். எவர்சில்வர் டம்ளர், விளிம்பு நசுங்கியது. கொண்டுவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குடத்திலிருந்து மோர் ஊற்றும்போது முடிச்சை அவிழ்த்து அதை நீட்டினார். ஊற்றிய பையன் ஒரு கணம் நின்றான். பிறகு அந்த டம்ளரையே கேட்டு வாங்கி, அதில் மோர் ஊற்றித் தான் குடித்துவிட்டு, கழுவி, திரும்ப ஊற்றி அவரிடம் கொடுத்தான். பேச்சு எதுவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் முறை இது: ஒரே குடம், ஒரே வரிசை டம்ளர்கள், இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து சமைப்பது, பரிமாறுவது மாறி மாறி. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் மணிமேகலை அமுதசுரபியோடு முதலில் தேடிப் போனது பசியைத்தான். சிறைக்குள்ளும் போய்ச் சோறு போட்டு, அந்தச் சிறையையே அறக்கோட்டம் ஆக்கும்படி மன்னனிடம் கேட்டு வாங்கினாள். சேர்ந்து உண்பது இந்த மண்ணின் பௌத்தத்தில் அவ்வளவு பழைய பயிற்சி.

ஆறாம் படி: பேசாமல் கேட்கப் பழகுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த நான்காம் நாள், வேதாரண்யம் பக்கத்தில் ஓர் ஊருக்கு ரொட்டியும் தண்ணீரும் மெழுகுவத்தியும் கொண்டுபோனோம். ஒரு பெரியவர் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பையை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது மூத்த மகள் பொறந்தப்ப வச்சது" என்று ஒரு மரத்தைத் தொட்டார். அடுத்த மரத்தைக் காட்டப் போனார். இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கிறது என்று நான் எழுந்துவிட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இதற்குப் பயிற்சி உண்டு. இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும், மற்றவர் குறுக்கே பேசாமல், ஆறுதல் சொல்லாமல், யோசனை கொடுக்காமல் கேட்கட்டும். பிறகு மாறிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதும். புயல் நிவாரணத்துக்குப் போகும்போது ஐந்து பேர் பொருள் கொடுத்தால் ஒருவர் எதையும் கொடுக்காமல் உட்கார்ந்து கேட்பதற்கென்றே இருக்கட்டும்.

ஏழாம் படி: மனுவும் தம்மத்தின் பகுதிதான்

மண்வெட்டியால் தீராதவை இருக்கின்றன. ஷட்டர் பழுது, மணல், ஆக்கிரமிப்பு, கொள்முதல் நிலையத்தில் நனைகிற நெல். இவற்றுக்கு அரசு அலுவலகம் ஏறித்தான் ஆக வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடும். உங்கள் நோட்டிலிருந்து ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, இடம், நீளம், எத்தனை வருடமாக என்ற விவரத்தோடு தீர்மானமாகக் கொண்டுபோங்கள். பத்துப் பிரச்சினையை ஒன்றாகக் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

இது அரசியல் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. திக் நாட் ஹான் தன் சங்கத்துக்கு வகுத்த பயிற்சிகளில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது: சங்கத்தைக் கட்சி அரசியலுக்குப் பயன்படுத்தாதே, ஆனால் ஒடுக்குமுறைக்கும் அநீதிக்கும் எதிராகத் தெளிவாக நில். 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராக நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உட்கார்ந்த சாதாரண ஜனங்களின் பிடிவாதமும் சேர்ந்துதான் 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பே மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்தவர் இயற்கை விவசாயத்துக்குப் பாடுபட்ட நம்மாழ்வார். 2013 டிசம்பரில், அந்தப் பணியில் இருந்தபோதே, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது.

கோபம் வரும். வர வேண்டும். ஆனால் கோபத்தோடு மனு எழுதாதீர்கள். எழுதிவிட்டால் ஒரு ராத்திரி வைத்துக் காலையில் படியுங்கள். வியட்நாமில் 1967இல் திக் நாட் ஹான் பழக்கிய அந்தச் சேவை இளைஞர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடக்கம் செய்கிற இடத்தில் நின்ற தோழர்கள், கொன்றவர்களை நாங்கள் வெறுக்கவில்லை என்று சொன்னார்கள். நம் எதிரில் இருப்பவர் அவ்வளவு பெரிய கொடுமைக்காரர் இல்லை, பெரும்பாலும் மேலதிகாரிக்குப் பயந்த ஒரு குமாஸ்தாதான்.

மரத்துக்குத் துவராடை கட்டலாமா

தாய்லாந்தின் வடக்கே 1980களின் கடைசியிலிருந்து துறவிகள் காட்டு மரங்களுக்குக் காவித் துணி சுற்றி, அவற்றைத் துறவியாக்கும் சடங்கு செய்தார்கள். துறவி ஆன மரத்தை வெட்டக் கை நடுங்கும் அல்லவா? இதைப் படித்ததும் ஆற்றங்கரை இலுப்பைக்கும் மருதுக்கும் துணி கட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். கட்டலாம். ஆனால் அங்கே துணி கட்டியதோடு நிற்கவில்லை, ஊர் மக்கள் கூடி அந்தக் காட்டைத் தாங்களே காப்பதற்கு விதிகளும் போட்டார்கள். அதைச் செய்ய முடியும் என்றால் துணியைக் கட்டுங்கள்.

மதம் மாற வேண்டுமா

இந்தப் பயிற்சிகளைச் செய்ய மாற வேண்டியதில்லை. எங்கள் குழுவில் தர்காவுக்குப் போகிறவர் இருக்கிறார், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவரும் இருக்கிறார். அதே நேரம், அம்பேத்கர் காட்டிய வழியில் முறைப்படி பௌத்தராகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. யாரும் அதை இலேசாகப் பேசக் கூடாது. பௌத்தரானால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. 1990இல் செய்த திருத்தத்தின்படி பௌத்தரான பட்டியல் சாதியினருக்கும் அந்த உரிமை உண்டு.

ஒரு விடுமுறையில் குழுவாகப் போய்வர இடங்களும் இங்கேயே இருக்கின்றன. பூம்புகார் பல்லவனீசுவரத்தில் தோண்டி எடுத்த விகாரையின் அடித்தளம். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் பேரால் எழுந்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் போனது. கட்டடம் இப்போது இல்லை. நாகையில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கீழ்வேளூர் பக்கத்துப் புத்தமங்கலத்தில் கல் புத்தரைப் பார்க்கலாம். சும்மா பார்த்துவிட்டு வராமல், அந்த இடத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் வந்த பிறகு

வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால், கல்லணை கடந்து உங்கள் வாய்க்காலுக்கு வரும் நாளைக் கவனித்திருங்கள். மே மாதம் நடந்த அதே வழியில் திரும்பவும் நடங்கள். நோட்டில் புதுப் பக்கத்தில் மூன்று வரி போதும்: தலைமடைக்குத் தண்ணீர் வந்த தேதி, நடுவில் வந்த தேதி, கடைமடைக்கு வந்த தேதி. அடுத்த வருடம் எதில் கை வைப்பது என்று அந்த மூன்று தேதிகளின் இடைவெளியே சொல்லிவிடும். கடைசி வரியை எழுதும்போது கடைமடையில் வயல் வேலை செய்கிறவர் யாராவது பக்கத்தில் இருப்பார். பேனாவை அவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாது என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.